விளக்குப் படகின் சிவப்பு மாத்திரைகள் குறித்துச் செவிலியர் விலாசினி கூறியது

என் பெயர் விலாசினி தோங்காம், வயது நாற்பத்தேழு. தாய்லாந்தின் ரனோங் மாகாணம், கால்வாய் முகத்துச் சிறு துறைமுகத்தில் ஐஸ் ஆலைக்குப் பின்தெருவில் குடியிருந்து வருகிறேன். கணவர் பெயர் கேட்கப்பட்டது. பிரிந்து போனவரின் பெயர் இந்த வழக்குக்கு எதற்கு என்று கேட்டேன். அந்த இடம் காலியாக விடப்பட்டது. மேற்படித் துறைமுகத்துச் சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலை பார்த்து வருகிறேன். காசநோய்ப் பிரிவு என் பொறுப்பில் உள்ளது. பர்மியப் பேச்சு எனக்கு நன்றாக வரும், எழுதப் படிக்க வராது.

எங்கள் நிலையத்திலிருந்து காசநோய் மாத்திரைகள் திருட்டுப் போனதாகவும், திருடியவர் பிடிபட்டு ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், நான் வந்து புகார் கொடுத்தால் மீதி வேலை முடிந்துவிடும் என்றும் இன்று காலை காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நான் வந்தேன். துணை ஆய்வாளர் பூவதோன் விசாரித்ததற்கு நான் சொல்வது என்னவென்றால், எங்கள் நிலையத்தில் எதுவும் திருட்டுப் போகவில்லை. அந்த மாத்திரைகளை என் கையால் எடுத்துக் கொடுத்தவள் நான். ஆகவே புகார் கொடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திருடியதாக ஒப்புக்கொண்டவர் பெயர் ஸேயா. பர்மாவில் தவேய் பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், விளக்குப் படகில் வலை இழுக்கிறார். விளக்குப் படகு என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீதிபதி வெளியூர்க்காரராக இருக்கலாம் என்பதால் எழுதச் சொல்கிறேன். படகின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய விளக்குகளைக் கட்டிக் கடலுக்குள் வெளிச்சம் காட்டுவார்கள். நெத்திலியும் கணவாயும் வெளிச்சத்துக்கு வந்து கூடும், வலையை இழுப்பார்கள். நிலா பெரிதாகிவிட்டால் மீன் விளக்கை மதிக்காது. அதனால் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் படகுகள் கரைக்கு வந்து கட்டிக் கிடக்கும். மற்ற நாட்களில் அந்த ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் நாமும் மீனாகத்தான் பிறக்க வேண்டும்.

சென்ற வருடக் கடைசியில் ஒரு பௌர்ணமியின்போது ஸேயா முதன்முதலில் என்னிடம் வந்தார். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி உடைந்து வீங்கியிருந்தது. கீறி எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நடுநடுவே அவருடைய தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. முதலில் வலியால் அழுகிறார் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு இருமலை விழுங்குகிறார் என்று புரிந்தது. இருமலை விழுங்கப் பழகிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அது மிகவும் சங்கடமாக இருந்தது.

அதன் பிறகு சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன், காசநோய் என்று வந்தது. அதைச் சொன்னதும் அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"எங்கய்யா போற? சீக்கு உன்னை விட்டுட்டு இங்கேயே உட்கார்ந்திருக்குமா?"

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. மீன் எண்ணெய் வாடை ஒத்துக்கல, அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவர் பயந்த காரணத்தை அன்று சொல்லவில்லை, அடுத்த பௌர்ணமிக்குச் சொன்னார். அவருடைய படகில் ஊ மியா என்று பர்மாவின் யே என்ற ஊர்க்காரர் ஒருவர் சமையல் செய்துகொண்டிருந்தார். அவர் சளியில் ரத்தம் கண்டது. படகுத் தலைவரை நாங்கள் தைகோங் என்போம், அந்தப் படகின் தைகோங் பெயர் சரூன். அவர் ஊ மியாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொல்லி நடுக்கடலில் மீன் ஏற்ற வந்த வேறு படகில் இறக்கிவிட்டார். அதன் பிறகு ஊ மியா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், போனாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அவருடைய துணி மூட்டை படகிலேயே கிடந்ததாம். யே பக்கம் போகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தும் தகவல் இல்லையாம். நானும் மாவட்ட ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், அப்படி ஒரு பெயரில் யாரும் வரவில்லை.

காசநோய் மாத்திரை கொடுப்பதில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. நோயாளி தினமும் வர வேண்டும், எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்போம். கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும், அப்படித் திரும்பி வருவது இந்த மாத்திரைக்கு அடங்காது. விதி நல்ல விதிதான், நான் இத்தனை வருடம் பிடிவாதமாகக் கடைப்பிடித்த விதி. என்ன செய்வது, அதை எழுதியவர்கள் நிலாவைக் கணக்கில் எடுக்கவில்லை. ஸேயாவை நான் தினமும் வா என்றால் அவர் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வேலை அனுமதி அட்டை செல்லாது, அட்டை செல்லாவிட்டால் எல்லை தாண்டி அனுப்புவார்கள். ஆகவே அடுத்த நிலா வரைக்கும் உள்ள மாத்திரைகளை மொத்தமாக எடுத்துக் கொடுத்தேன். மேலதிகாரியைக் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார், அதனால் கேட்கவில்லை. இதற்கு யாரும் என்னைத் தூண்டவில்லை. துறையில் விளக்கம் கேட்டால் இதையே அங்கும் சொல்வேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நிலாவுக்கும் அவர் கரைக்கு வந்ததும் நேராக என்னிடம் வருவார். கரையில் இருக்கும் நாட்களில் என் முன்னால் விழுங்குவார். விழுங்கிய பிறகு வாந்தி வருகிறதா என்று பார்க்கச் சற்று நேரம் பெஞ்சில் உட்கார வைப்பேன். அந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பேசுவோம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்தப் பெஞ்சில் தெரிந்துகொண்டதுதான். இது வழக்குக்குத் தேவையில்லை என்று துணை ஆய்வாளர் சொன்னார். தேவைப்படும், எழுதுங்கள் என்றேன்.

அவர் பத்தொன்பது வயதில் மீன் வண்டியில் ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் படுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். முதலில் மீன் மாவு ஆலையில் இருந்தார், பிறகு படகுக்கு வந்தார். கயிறு சுற்றும் எந்திரத்தில் இடது கைச் சுண்டுவிரல் போனது. மனைவி தவேயில் இருக்கிறார். ஒரு பெண் குழந்தை, கடைசியாக ஊருக்குப் போனபோது அவர் கைக்குழந்தையாக விட்டு வந்தது இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கரைக்கு வந்ததும் போனில் பேசுவார். ஒருமுறை கடலில் எடுத்து வைத்திருந்த படங்களை அனுப்பியிருக்கிறார். எல்லாப் படத்திலும் விளக்கு பளபளவென்று எரிகிறது. அந்தக் குழந்தை, "அப்பா, உங்க ஊர்ல ராத்திரியே வராதா? எப்பப்பா தூங்குவீங்க?" என்று கேட்டதாம். அதைச் சொல்லிவிட்டு அவர் வெகு நேரம் சிரித்தார்.

மார்ச் மாதத்து நிலாவுக்கு வந்தபோது சிரிக்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, நாக்கைக் காட்டிவிட்டு, அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னார். முந்தின நிலா தேய்ந்து படகு கிளம்பிய மறுநாளே இறந்திருக்கிறார். இவர் கரைக்கு வந்து போனைப் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னம் கொடுப்பது எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. சேதி தெரிந்த அன்றைக்கே, கட்டிக் கிடந்த படகின் முன்முனையில் அம்மாவுக்காக ஒரு கைப்பிடிச் சோற்றை வைத்திருக்கிறார். அங்கே படகைக் காக்கும் எங்கள் சாமியான படகுத் தாய்க்கு மாலையும் பட்டுத் துணியும் கட்டியிருக்கும். செத்தவர் சோற்றைச் சாமி இடத்தில் வைக்காதே என்று தைகோங் சத்தம் போட்டாராம். சோற்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறார். "அவர் சொன்னதும் நியாயம்தானே அக்கா, அவங்க சாமி" என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று நோயாளிகளுக்காக வைத்திருந்த கஞ்சியில் அவருக்கு இரண்டு கிண்ணம் கொடுத்தேன்.

இனி வழக்குக்கு வருகிறேன். இந்த மாத்திரை செங்கல் நிறத்தில் இருக்கும். சாப்பிட்டால் சிறுநீரும் சிவப்பாகப் போகும். படகில் கழிப்பறை கிடையாது, பின்பக்கம் நின்றுதான் எல்லாம். மாத்திரையை ஒளித்தாலும் அதை ஒளிக்க முடியாது. யாரோ பார்த்துவிட்டு என்ன சங்கதி என்று கேட்டிருக்கிறார்கள். விளக்குப் படகுகளில் தூக்கம் வராமல் இருக்கச் சிலர் போதை மாத்திரை தின்பது துணை ஆய்வாளருக்குத் தெரியாத விஷயம் அல்ல. குதிரை மாத்திரை என்பார்கள், அதுவும் சிவப்பு. ஸேயாவுக்குச் சட்டென்று தோன்றியிருக்கிறது, தானும் அதைத்தான் தின்பதாகச் சொல்லிவிட்டார். போதை தின்கிறவனைப் படகில் யாரும் எதுவும் கேட்பதில்லை. காசநோய்க்காரன் என்றால் நடுக்கடலில் படகு மாற்றிவிடுவார்கள். இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று கேட்டவனிடம், புதுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்றாராம். மாத்திரை அட்டையில் எழுத்து இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்புத் துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார்.

இதை அவர் ஏப்ரல் மாதத்தில் என்னிடம் சொன்னார். மாத்திரையைப் பிரித்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும் என்று திட்டினேன். மற்றதற்குச் சிரித்தேன். ஏனென்றால் அவர் சொன்ன விதம் அப்படி.

"ஆனா ஒரு தொல்லை அக்கா. இதைத் தின்னா எனக்குத் தூக்கந்தான் வருது. 'பாருங்கடா, குதிரை மாத்திரையைத் தின்னுட்டு எருமை மாதிரி தூங்குறான்'னு கிண்டல் பண்றானுங்க."

அவர்கள் கிண்டல் செய்ததோடு நின்றிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் படகில் சாய் என்பவர் தனக்கு ஒரு மாத்திரை தரும்படி கேட்டிருக்கிறார். ஸேயா தரவில்லை. சாய் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார், கடைசியில் மொத்தமாக மறைத்து வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிற கஞ்சன் என்று திட்டியிருக்கிறார். கொடுத்தால் தன் மருந்தில் ஒரு நாள் குறையும், அத்தோடு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஸேயா நினைத்திருக்கிறார். நேற்று முன்தினம் படகு கரைக்கு வந்தது. நேற்றுக் காலை ஸேயா என் நிலையத்துக்கு வரும் வழியில், துறைமுக வாசலில், அவர் இடுப்பில் போதை மாத்திரை இருக்கிறது என்று தகவல் கிடைத்துப் போலீசார் பிடித்தார்கள். தகவல் சொன்னது யார் என்று துணை ஆய்வாளர் சொல்ல மறுத்துவிட்டார். சொல்ல வேண்டியதில்லை, மீன் ஏலம் போடும் இடத்தில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள்.

நேற்றுக் காலை முழுவதும் நான் அவருக்காகக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. படகு கட்டியிருப்பதையும் பார்த்தேன். மருந்தை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இன்று காலை போன் வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

காவல் நிலையத்துக்கு வந்ததும் துணை ஆய்வாளர் நாற்காலி போட்டார், தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சு வருமாறு.

"அக்கா, சோதிச்சுப் பார்த்தோம், போதை இல்ல. ஆஸ்பத்திரி மருந்தாளுநர் பார்த்துட்டு காசநோய் மாத்திரைன்னார். எங்க கிடைச்சுதுன்னு கேட்டா, சுகாதார நிலையத்து மேசையில இருந்து எடுத்தேன், அக்கரையில, பர்மாவுல விக்கப் போறேன்கிறான். மொழிபெயர்ப்பாளரை வெச்சு ரெண்டு தடவை கேட்டாச்சு, அதையேதான் சொல்றான்."

"அவன் சொன்னா நீங்க எழுதிக்குவீங்களா தம்பி? என் மேசையில இருந்து ஒரு பேனாவைக்கூட எவனும் எடுத்துட்டுப் போனதில்ல."

"அப்போ எப்படிக்கா வந்துச்சு?"

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஸேயாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டேன். நோயாளியின் நோயை அவர் சம்மதம் இல்லாமல் நான் வெளியில் சொல்லக் கூடாது. துணை ஆய்வாளர் சம்மதித்துக் கம்பிக் கதவு வரைக்கும் கூடவே வந்தார். ஸேயா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் பர்மிய மொழியில் பேசினேன்.

"என்னய்யா, திருடன் ஆயிட்டியாமே?"

"அக்கா, நீங்க தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிடுங்க. தைகோங் நேத்தே வந்து பார்த்துட்டார். திருட்டு கேசுன்னா பரவாயில்ல, அபராதத்தைக் கட்டிக் கூட்டிட்டுப் போறேன்னார். திருடனுக்குப் படகுல இடம் இருக்கு அக்கா. சீக்காளிக்கு இல்ல."

"அபராதத்தோட விடுறதுக்கு இது என்ன, கோழித் திருட்டா? அரசாங்கச் சொத்து. உள்ள போட்டுட்டு அப்புறம் அக்கரைக்கு ஏத்திவிடுவாங்க. அங்க எவன் உனக்கு மாத்திரை குடுப்பான்? நேத்து ஒரு நாள் போச்சு. இன்னைக்கும் போகணுமா?"

நான் அவரை ஏமாற்ற விரும்பவில்லை. உண்மையை எழுதினால் அந்தப் படகில் இடம் போகலாம், அதற்கு என்னால் உறுதி தர முடியாது என்றும் சொன்னேன். போன இரண்டு சோதனையிலும் சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் உன்னிடமிருந்து ஒட்டாது, தைகோங்கிடம் நானே போய் எடுத்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க போய்ப் பேசினா இருக்கிற படகும் முழுகிடும் அக்கா" என்றார்.

அந்த நிலையிலும் அவருக்குக் கேலி வந்தது. நான் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். மகளைத் தூக்கினால் அவளுக்கு ஒட்டாதா என்று கேட்டார். மருந்தை முடித்துவிட்டால் தைரியமாகத் தூக்கலாம் என்றேன். இன்னும் எத்தனை நிலா என்று கேட்டார். இது போக ஒன்று என்றேன்.

"சரி, எழுதச் சொல்லுங்க. ஆனா எனக்குக் காசநோய்னு எழுதினா, நான் இப்போ இருமுறதில்லன்னும் எழுதச் சொல்லுங்க. படிக்கிறவங்க முதல் வரியோட நிறுத்திடுவாங்க அக்கா."

அதன் பிறகு நான் வெளியே வந்து மேற்கண்ட விவரங்களைத் துணை ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் ஸேயாவையும் வரவழைத்து உட்கார வைத்தார். பிடிபட்ட மாத்திரைகள் சாட்சிப் பொருளாக இருப்பதால் தர முடியாது என்றார். அதை எதிர்பார்த்து நான் கைப்பையில் கொண்டுவந்திருந்த இன்றைய மாத்திரையைக் கொடுத்தேன், துணை ஆய்வாளர் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார். ஸேயா விழுங்கினார். பழக்க தோஷத்தில் நாக்கைத் தூக்கித் துணை ஆய்வாளருக்கும் காட்டினார்.

என் வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இதெல்லாம் வாக்குமூலத்தில் எழுதும் வழக்கம் இல்லை என்று துணை ஆய்வாளர் சொன்னார். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் சற்று நேரம் ஸேயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவரே தன் கையால் எழுதினார்.

இதில் உள்ளவை அனைத்தும் யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்ன உண்மை. நானும் துணை ஆய்வாளரும் பக்கத்தில் இருந்து பார்த்தவரையில், இந்த அறையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் ஸேயா ஒருமுறைகூட இருமவில்லை, இருமலை விழுங்கவும் இல்லை.

(ஒப்பம்)
விலாசினி தோங்காம்

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
பூவதோன், துணை ஆய்வாளர்